நிதானக் கம்பம்

வண்டியின் வேகத்தை அளந்துகொண்டிருந்த சாலை ராடார், வண்டி ஓட்டுகிறவரின் நெஞ்சுத் துடிப்பை அளக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், யுவராஜின் வழக்கு குடும்ப நீதிமன்றத்துக்கு வந்தது.

வேகத்தை அளப்பதில் அதற்குள் அர்த்தம் இல்லாமல் போயிருந்தது. எல்லா வண்டிகளையும் கம்பெனியே வேகப்பூட்டு போட்டுத்தான் அனுப்பியது. ஆனாலும் விபத்துகள் குறையவில்லை. ஒரு குழு உட்கார்ந்து ஆராய்ந்தது. மனிதர்கள் வேகத்தால் மோதுவதில்லை, கொதிப்பால் மோதுகிறார்கள் என்று அது முடிவுக்கு வந்தது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வண்டியை எடுத்தவர்கள், மேலதிகாரியிடம் திட்டு வாங்கியவர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள். ஆகவே சாலையோரக் கம்பங்களில் புது ராடார்கள் ஏறின. அவற்றின் கதிர் சட்டையைத் தாண்டிப் போய், மார்பு ஏறி இறங்குவதை ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் அளந்தது. துடிப்பு அளவோடு இருந்தால் பச்சை. மீறினால் சிவப்பு. சிவப்புகள் சேர்ந்தால் லைசென்ஸ் போகும். திட்டத்துக்கு அரசு வைத்த பெயர் 'நிதானம்'. சனங்கள் நிதானக் கம்பம் என்றார்கள்.

சட்டத்தில் எங்கோ ஒரு மூலையில், நீதிமன்றம் கேட்டால் இந்தப் பதிவுகளைத் தரலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை வேறு யார் படித்தார்களோ இல்லையோ, விவாகரத்து வக்கீல்கள் படித்தார்கள்.

யுவராஜ் மதுரையில் ஐஸ்கிரீம் கம்பெனிகளுக்கு ஃப்ரீசர் சர்வீஸ் செய்பவன். கடை கடையாகப் போய், பெட்டிக்குள் குளிர் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பது வேலை. அவனும் பிரவீணாவும் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பிரவீணா திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே மகள் நறுமுகை அவளோடு இருந்தாள். வீட்டில் முகை என்று கூப்பிடுவார்கள். ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் யுவராஜ் பைக்கில் போய் மகளை ஏற்றிக்கொண்டு எங்காவது சுற்றிவிட்டு மாலையில் கொண்டுவந்து விடுவான். அவனுடைய வாரம் என்பதே அந்த ஒரு நாள்தான்.

பிரவீணாவின் வக்கீல் மங்கையர்க்கரசி நீதிமன்றத்தில் ஒரு படத்தைத் திரையில் போட்டார். மதுரையிலிருந்து திருமங்கலம் வரைக்குமான சாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அது முழுக்கச் சிவப்பாக இருந்தது. திருமங்கலத்தை நெருங்க நெருங்கச் சிவப்பு அடர்ந்தது.

"இப்பிடிப்பட்ட மனநிலையில வண்டி ஓட்டுற ஒருத்தர்கிட்ட குழந்தைய எப்பிடி அனுப்ப முடியும், அம்மா?" என்று அவர் நீதிபதியிடம் கேட்டார்.

"மகளப் பாக்கப் போறேன். அதான் நெஞ்சு அடிக்குது" என்றான் யுவராஜ்.

"ராடார் எதுக்குன்னு கேக்காதுங்க. எவ்வளவுன்னுதான் கேக்கும்" என்று அவனுடைய வக்கீல் குருநாதன் அவன் காதில் சொன்னார். தன் கட்சிக்காரருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

மூன்று மாதத்துக்குள் பச்சைப் பதிவு காட்ட வேண்டும், அதுவரை மகளை அவள் வீட்டுவாசலில் வைத்துப் பார்க்கலாம், வண்டியில் ஏற்றக் கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார்.

படியிறங்கும்போது குருநாதன், "வெளிய, கம்பம் வர்றத முன்னாடியே சொல்ற டிடெக்டர்னு ஒண்ணு விக்கிறாங்களாம். சட்டப்படி தப்பு. நான் எதுவும் சொல்லல" என்று சொல்லி, எங்கே விற்கிறார்கள் என்பதையும் சொன்னார்.

அது ஒரு ஹெல்மெட் கடை. வைத்திருந்தவள் ஜெசிந்தா, முப்பது வயது இருக்கும். யுவராஜ் விஷயத்தைச் சொன்னதும் அவள் எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தாள்.

"கம்பம் எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதாதா? நானே பாத்து வச்சுக்குவேனே" என்றான் யுவராஜ்.

"வாரா வாரம் எடத்த மாத்துறாங்க சார். பாக்கவும் வெளக்குக் கம்பம் மாதிரியேதான் இருக்கும். ஆனா உங்களுக்கு முன்னால போற வண்டிய அது அளக்கும்போது கதிர் செதறும்ல, அத இந்தப் பெட்டி பிடிச்சிரும். அரைக் கிலோமீட்டருக்கு முன்னாடியே சொல்லிரும்."

"சொன்னா?"

"அதுக்குள்ள நீங்க மனச அடக்கிக்கணும். அது உங்க வேல."

அவள் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். மூன்றும் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியவை. முதலாவது மலிவு. கடைகளில் தானாகத் திறக்கும் கதவு, டோல்கேட், பக்கத்துக் காரின் பார்க்கிங் ராடார் எல்லாவற்றுக்கும் கத்தும் என்று அவளே சொன்னாள். இரண்டாவது நடுத்தரம். மூன்றாவது நிதானக் கம்பத்தை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்லும். அவன் மூன்றாவதை எடுத்தான்.

"எப்பிடிச் சொல்லணும்? ஹெல்மெட்டுக்குள்ள சத்தமா, ஹேண்டில்பார்ல லைட்டா, சீட்டுக்கு அடியில அதிர்வா?"

"சத்தம்" என்றான். தவறவிடக் கூடாது என்று நினைத்தான்.

"எல்லாரும் மொதல்ல சத்தம்தான் கேப்பாங்க" என்றாள் ஜெசிந்தா.

பொருத்துவது எப்படி என்று காட்டினாள். பெட்டிக்கு முன்னால் இரும்பு மறைக்கக் கூடாது, ஆகவே ஹெட்லைட் மூடிக்குள், பிளாஸ்டிக்குக்குப் பின்னால். மோட்டாருக்குக் கிட்டே வைத்தால் அதன் இரைச்சலையே ராடார் என்று நினைத்துக்கொள்ளும், ஆகவே தள்ளி. அடியில் ரப்பர் வாஷர் போடாவிட்டால் ரோட்டுக் குலுக்கலில் ஒரு மாதத்தில் ஸ்குரூ கழன்றுவிடும். மின்சாரத்தை ஹாரன் வயரிலிருந்து எடுக்க வேண்டும், ஏனென்றால் சோதனையில் பிடித்தால் யாரும் ஹாரன் வயரைத் தொட்டுப் பார்ப்பதில்லை. மழைத் தண்ணீர் இறங்காமல் சிலிகான் பசையை விளிம்பில் இழுத்துவிட வேண்டும். யுவராஜுக்கு இதெல்லாம் கைவந்த வேலை. ஒரு மதியத்தில் முடித்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதுரையைத் தாண்டியதும் ஹெல்மெட்டுக்குள் 'கீக்' என்று சத்தம் கேட்டது. நெஞ்சு தூக்கிப் போட்டது. கம்பத்தைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் அடங்கியது. அடங்கிய இடத்தில் அடுத்த 'கீக்'. அன்றைய பதிவை இரவில் போனில் பார்த்தான். அதற்கு முன் எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவ்வளவு சிவப்பாக இருந்ததில்லை.

திரும்பிப் போய்க் கடையில் நின்றான். ஜெசிந்தா ஒன்றும் கேட்காமல் ஒரு சிறிய விளக்கை எடுத்துக் கொடுத்தாள். அதைக் கண்ணாடிக் கம்பிக்கு அடியில் பொருத்தினான். அது சத்தம் போடவில்லை. ஆனால் அவன் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் வைக்கோல் ஏற்றிய ஒரு டிராக்டருக்குப் பின்னால் போய் ஹெல்மெட்டோடு முகத்தைச் செருகினான். டிராக்டர் ஓட்டியவர் இறங்கிவந்து, வைக்கோலைத் தட்டிவிட்டு, "கண்ணு தெரியலயாண்ணே?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அப்போது அருகில் இருந்த கம்பம் அவனைச் சிவப்பு என்றது. டிராக்டர்காரரைப் பச்சை என்றது.

மூன்றாவதாக அதிர்வு. சீட்டுக்கு அடியில், ஃபோமைக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு அந்தக் குழியில் வைத்தான். முன்னால் கம்பம் வந்தால் தொடையில் ஒரு நமைச்சல் போல வரும், அவ்வளவுதான். அது ஒத்துவந்தது.

மனத்தை அடக்குவதுதான் மிச்சம். அவன் பல விதமாக முயன்று பார்த்தான். சாமி பெயரைச் சொன்னான். வேண்டுதலெல்லாம் மகளைப் பற்றியதாகவே இருந்ததால் அது உதவவில்லை. கடைசியில் ஃப்ரீசர் கைகொடுத்தது. நமைச்சல் வந்ததும், ஒரு வெள்ளைப் பெட்டியின் மூடியைத் திறப்பதாக நினைத்துக்கொள்வான். உள்ளே மைனஸ் பதினெட்டு. பனி. எந்தச் சரக்கும் இல்லாத காலிப் பெட்டி. கம்பம் தாண்டும் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பான். முதல் மாதம் பாதி பச்சை. இரண்டாம் மாதம் முழுப் பச்சை. குருநாதன் போனில், "யோகி மாதிரி ஆயிட்டீங்க" என்றார்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகை வாசலில் அவனுக்காகக் காத்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஓடிவந்தாள்.

"அப்பா, என்னைய ஸ்கூல் கோகோ டீம்ல எடுத்துட்டாங்க. நாலாங்கிளாஸ்ல நான் ஒருத்திதான்."

"நல்லது" என்றான் யுவராஜ்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஏதோ வரும் என்று அவனும் காத்திருந்தான். சந்தோஷம் எங்கோ இருப்பது அவனுக்குத் தெரிந்தது. மூடியைத் திறந்து எடுக்கத்தான் முடியவில்லை.

"நல்லதும்மா" என்று மறுபடி சொன்னான்.

வண்டியில் ஏற்றத்தான் தடை, நிற்கும் வண்டியில் உட்காரத் தடையில்லை. முகை சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். சீட்டை அமுக்கிப் பார்த்தாள். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஃபோமுக்குள் புதைந்திருந்த வட்டத்தைக் கண்டாள். யுவராஜ் திரும்பிப் பார்த்தான். பிரவீணா உள்ளே இருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றான் மெதுவாக.

"சரி" என்றாள் முகை. அது என்ன என்று கேட்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்காமல் இருந்தது அன்றைக்கு அவனுக்கு வசதியாக இருந்தது.

வழக்கு மறுபடி வந்த நாளில் குருநாதன் கடைசி வாரங்களின் புதுப் படத்தைத் திரையில் போட்டார். மதுரை முதல் திருமங்கலம் வரை ஒரே பச்சை. வயல் மாதிரி இருந்தது. அவர் பேச ஒன்றுமே இல்லை என்பதுபோல உட்கார்ந்தார்.

மங்கையர்க்கரசி எழுந்தார். படத்தை அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அம்மா, இந்தப் பதிவ நான் மறுக்கல. இத நல்லாப் பாருங்கன்னுதான் கேக்கறேன். இது ஒரு அப்பா, வாரம் முழுக்கப் பாக்காத மகளப் பாக்கப் போற வழி. வீடு வர்ற தெருவுல, மகள் நிக்கிற வாசல்ல, ஒரு துடிப்புகூடக் கூடல. வீட்டுக்கு சிலிண்டர் கொண்டுவர்றவர் பதிவயும் எடுத்துப் பாத்தேன். அவருக்குக் கூட மாடிப்படி ஏறுற வீடுன்னா முன்கூட்டியே கொஞ்சம் ஏறுது. மகள் மேல இந்த அளவுக்குப் பாசம் இல்லாத ஒருத்தர்கிட்ட எதுக்குப் பிள்ளைய அனுப்பணும்?"

நீதிமன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. குருநாதன் எழுந்து, சிவப்பாக இருந்தால் ஆபத்து, பச்சையாக இருந்தால் அன்பில்லை என்றால் ஒரு மனிதன் எந்த நிறத்தில்தான் இருப்பது என்று கேட்டார். நல்ல கேள்வி என்று நீதிபதியே சொன்னார்.

பிறகு அவர் பிரவீணாவைப் பார்த்தார். "இத்தன வருஷம் கூட வாழ்ந்தவங்க நீங்க. இவரு நிதானமான ஆளா?"

பிரவீணா எழுந்து நின்றாள். "இல்லைங்கம்மா. மேட்ச் பாத்தாலே எந்திரிச்சு நின்னுதான் பாப்பாரு. முகை பொறந்தப்ப நர்சு இவரத்தான் மொதல்ல பெட்ல படுக்க வச்சாங்க. இந்தப் பச்சை இவரோடது இல்ல. வண்டில என்னமோ மாட்டியிருக்காரு."

யுவராஜுக்கு அதைக் கேட்டுக் கோபம் வரவில்லை. தன்னைப் பற்றி நெடுநாளைக்குப் பிறகு ஒருவர் நல்லதாகச் சொன்னதுபோல இருந்தது.

நீதிபதி குழந்தையைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். எல்லோரும் காத்திருந்தார்கள். திரும்பி வந்ததும் நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்பா வண்டியில ராடாரைக் கண்டுபிடிக்கிற கருவி ஏதாவது பாத்தியான்னு கேட்டேன். இல்லைன்னு சொல்லுச்சு. என் மேசையில சாட்சிகளுக்கு வைக்கிற ராடார் இருக்கு. பொய் சொல்ற பெரியவங்க யாரும் அதுகிட்ட தப்பிச்சதில்ல. குழந்தை இல்லைன்னு சொன்னப்ப அது அசையவே இல்ல. அதனால வண்டியச் சோதிக்கச் சொல்லல, கருவி இல்லைங்கறத நான் ஏத்துக்கறேன். இந்தப் பதிவு இவரோட உண்மையான மனசுதான்னும் ஏத்துக்க வேண்டியிருக்கு. இனி மேற்கொண்டு..."

முகை நீதிமன்ற ஆயாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கைகளை மடியில் வைத்திருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. யுவராஜ் அந்த முகத்தைப் பார்த்தான். அப்படி ஒரு முகத்தை அவன் எங்கே பார்த்திருக்கிறான் என்று தேட வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதமாக அவன் வண்டிக் கண்ணாடியில் பார்த்துவந்தது அதுதான்.

அவன் எழுந்தான். குருநாதன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்குள், "கருவி இருக்கும்மா. சீட்டுக்கு அடியில. நான்தான் பிள்ளைகிட்ட சொல்லாதன்னு சொன்னேன்" என்றான்.

அடுத்தடுத்து எல்லாம் விரைவாக நடந்தது. அவனுடைய பதிவு செல்லாது என்று எழுதப்பட்டது. ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் ரத்து. வண்டியைப் போலீசார் எடுத்துப்போவார்கள். குழந்தையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "ஞாயித்துக்கெழமை கூட்டிட்டுப் போகலாம். நடந்தோ பஸ்லயோ. இனிமே இந்த வழக்குல எனக்குப் படம் எதுவும் காட்டாதீங்க" என்றார். கடைசி வாக்கியத்தை இரண்டு வக்கீல்களையும் பார்த்துச் சொன்னார்.

ஸ்கூட்டர் ஸ்டாண்டில் பிரவீணா அவனை மறித்தாள். முகையின் கையைப் பிடித்திருந்தாள்.

"என் மேல கோவம்னா என்கூடச் சண்ட போடுங்க. பிள்ளைய பொய் சொல்ல வப்பீங்களா?"

"சொல்லாதன்னு சொன்னேன். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல. ஜட்ஜ் முன்னால நெஞ்சு அடிக்காம பொய் சொல்றதுக்கு நான் எங்க சொல்லிக்குடுத்தேன்? எனக்கே மூணு மாசம் ஆச்சு."

முகைதான் சொன்னாள்.

"அம்மா சொல்லிக்குடுத்துச்சு. வண்டில போறப்ப லைட் எரிஞ்சா ரெண்டு பேரும் ஒண்ணும் நெனைக்கக் கூடாதுன்னு. பின்னாடி உக்காந்திருக்கவங்களயும் அளக்கும்ல. நான் அம்மாவவிட சீக்கிரம் பழகிட்டேன்."

பிறகு அம்மாவைப் பார்த்து, "நீ அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்ன. இப்ப சொல்லிட்டேன். பரவால்லியா?" என்றாள். அவள் குரலில் பயமும் இல்லை, குற்றமும் இல்லை. மணி என்ன என்று கேட்பதைப் போல இருந்தது.

பிரவீணா ஸ்கூட்டர் சீட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். ஸ்டாண்டில் இருந்த காவலாளி டோக்கனைக் கேட்டார். அவள் கொடுத்தாள். அவர் போன பிறகு யுவராஜ்தான் முதலில் பேசினான்.

"உனக்கு எதுக்கு?"

"என் பதிவயும் கேப்பாங்கன்னு வக்கீலம்மா சொன்னாங்க. ஞாயித்துக்கெழம நீங்க வந்துட்டுப் போனப்புறம் கடைக்குப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் செவப்புதான் எனக்கு."

"கோவமா?"

"எதுன்னு அந்தக் கம்பம் சொல்லலயே."

அவன் ஸ்கூட்டரின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தான். தொழில்காரனின் கண் தானாகவே தேடியது.

"எங்க மாட்டியிருக்க?"

"கண்ணாடிக்குக் கீழ. சத்தம் வச்சா இவ தூக்கிவாரிப் போட்டு அழுதா. அதான் லைட்டு."

"பாத்துக்கிட்டே ஓட்டாத. நான் வைக்கோல்ல போய் விழுந்தேன்."

"நீங்க சீட்டுக்கு அடியிலயா?"

"ஆமா. ஃபோம கொஞ்சம் வெட்டணும். ரப்பர் வாஷர் போட்டியா?"

"அந்தப் பொண்ணுதான் போட்டுக் குடுத்துச்சு. ஹெல்மெட் கடை."

"ஜெசிந்தாவா?"

"உங்களுக்குமா?"

இருவரும் கொஞ்ச நேரம் ஜெசிந்தாவைப் பற்றி நினைத்தார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு பெட்டி விற்றுவிட்டு அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வியாபாரத்தில் அவள் நேர்மையானவள் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"நானும் உள்ள போய்ச் சொல்லிட்டு வந்துரவா?" என்றாள் பிரவீணா.

"வேணாம். யாராவது ஒருத்தர் பிள்ளைய ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடணும்."

யுவராஜ் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். மூன்று பேரை ஸ்கூட்டரில் ஏற்ற முடியாது. பிரவீணா வண்டியை ஆன் செய்து, ஏறாமல், கைப்பிடியைப் பிடித்து மெல்ல உருட்டிக்கொண்டே நடந்தாள். யுவராஜ் மறுபக்கம் நடந்தான். முகை நடுவில் நடந்தாள். கோகோவில் எப்படிக் கையை ஊன்றாமல் திரும்புவது என்று யுவராஜ் கேட்டான். அவள் நடந்துகொண்டே சொல்லிக்காட்டினாள். எதிராளியை ஏமாற்ற ஒரு பக்கம் சாய வேண்டும், பிறகு சட்டென்று...

பாதியில் நிறுத்திவிட்டாள். தோள்கள் கீழே இறங்கின. மூச்சு மெலிந்தது. கண்கள் எதையும் பார்க்காமல் நேரே இருந்தன. ஸ்கூட்டரில் விளக்கு ஏதும் எரியவில்லை என்பதைப் பிரவீணா பார்த்தாள். சற்றுத் தள்ளி, வேப்பமரத்துக்குப் பின்னால், ஒரு விளக்குக் கம்பம் நின்றது. ஒரு வண்டி அதைக் கடந்த பிறகுதான் ஸ்கூட்டரில் விளக்கு எரிந்தது.

பெட்டிக்கு முன்னாலேயே பிள்ளை கம்பத்தைக் கண்டுபிடித்துவிட்டிருந்தாள்.

யுவராஜும் பிரவீணாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரிந்த பிறகு அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. கம்பம் நெருங்கியது. முகை ஒரு பொம்மையைப் போலச் சீராக நடந்தாள். சரியாக அதன் அடியில் வந்தபோது பிரவீணா ஹாரனை முழுக் கையால் அழுத்தினாள். எடுக்காமல் அழுத்தினாள்.

முகை துள்ளிப் போய் அப்பாவின் மேல் விழுந்தாள். "அம்மா! லூசா நீ?" என்று கத்தினாள். கத்திக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. அது அன்று காலையிலிருந்து வர வேண்டிய அழுகை. யுவராஜ் ரோட்டிலேயே மண்டிபோட்டு அவளைப் பிடித்துக்கொண்டான். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் திட்டிவிட்டு ஒதுங்கிப் போனார். பிரவீணா ஹாரனிலிருந்து கையை எடுத்து, வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு அவர்களருகே குனிந்தாள்.

கம்பம் தன் கடமைப்படி மூன்று நெஞ்சுகளையும் அளந்தது. மூன்றும் சிவப்பு. நடந்து போகிறவர்களுக்கு அதுவரை சட்டம் எதுவும் வந்திருக்கவில்லை.